கண்மணியின் மனஸ்தாபம்

கண்மணிக்கு இடது மணிக்கட்டு கோணல். பிறவிக் கோணல் இல்லை, கட்டின புருஷன் கொடுத்த கோணல். அதை மூடி மறைக்கிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. "எங்கயாச்சும் விழுந்துட்டியாம்மா?" என்று யாராவது பரிதாபமாகக் கேட்டால், "நான் ஏன் விழறேன்? தள்ளிவிட வீட்டுலயே ஆளு இருந்துச்சு" என்று சொல்லிவிடுவாள். கேட்டவர்களுக்குத்தான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் போகும்.

தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கல்யாணமான கையோடு கப்பலேறி சிங்கப்பூருக்கு வந்தவள் அவள். புருஷன் வடிவேலு மாட்டுவண்டிக்காரன். ஆற்றங்கரைக் கிடங்குகளில் மூட்டை ஏற்றி ஊரெல்லாம் கொண்டுபோய் இறக்குவான். கண்டாங் கெர்பாவில், மாட்டுக்கொட்டிலை ஒட்டின ஒரு பலகை வீட்டில் குடித்தனம். உழைப்பில் அவனைக் குறை சொல்ல முடியாது. ஆனால் சாயங்காலம் கள்ளுக்கடைக்குள் நுழைகிறவன் ஒருத்தன், வெளியே வருகிறவன் இன்னொருத்தன். குழம்பில் உப்பு கூடினால் அடி. குறைந்தால் அடி. சரியாக இருந்துவிட்டால், "என்னடி, வாயைத் தொறக்காம நிக்கிற?" என்று அடி. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று கேட்கிறீர்களா? கதவைச் சாத்திக்கொண்டார்கள். புருஷன் பெண்டாட்டி சமாசாரமாம். நல்ல சமாசாரம்!

கண்மணி மசாலா அரைத்து விற்பவள். மிளகாய், மல்லி, மஞ்சள், சீரகம் எல்லாவற்றையும் அம்மியில் வைத்து வெண்ணெய் மாதிரி அரைத்து, உருண்டை பிடித்து, வாழையிலையில் மடித்து வீடு வீடாகக் கொடுப்பாள். சிராங்கூன் ரோட்டுச் சாப்பாட்டுக் கடைகள் இரண்டு அவளை நம்பித்தான் அடுப்பு மூட்டின. "கண்மணி மசாலா வந்தாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் மீன் வாங்கவே ஆள் அனுப்புவார்கள். அம்மிக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டால் அவள் யாருக்கும் பயப்படாத பொம்பளை. அந்த ஒரு இடத்தில்தான் அவள் ராணி.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஏழாம் வருஷம், தீபாவளிக்கு இரண்டு நாள் இருக்கையில், அரைக்கிற அந்த இடது கையைத்தான் அவன் முறுக்கித் தள்ளினான். அம்மிக்கல்லின் மேலேயே போய் விழுந்தாள். ஒரு மலாய்க் கிழவி எண்ணெய் போட்டு எலும்பை வைத்துக் கட்டினாள். எலும்பு சேர்ந்தது, நேராகச் சேரவில்லை. கட்டு பிரித்த அன்றைக்கே கண்மணி ஒரு மூட்டையும், கைவண்டியில் ஏற்றின அம்மியுமாக வீட்டை விட்டு வெளியேறினாள்.

போன இடம் ஒலி முகம்மதுவின் மளிகைக் கடை. நாகூர்ப் பக்கத்து மனுஷர், அவளுக்கு மிளகாய் மல்லி கொடுக்கிறவர். அவர் மனைவி ருக்கையா, கடைக்குப் பின்னால் சாக்கு அடுக்குகிற அறையைக் காலி செய்து கொடுத்தாள். "இருந்துக்க புள்ள. யாரு வந்து கேக்குறான்னு பாப்போம்" என்றாள். அவளை லாத்தா என்றும், அவரை நானா என்றும் கண்மணி கூப்பிடுவாள். கூடப்பிறந்த அக்கா அண்ணன் இருந்திருந்தாலும் இதற்கு மேல் செய்திருக்க மாட்டார்கள்.

இருக்க இடம் கிடைத்தது, தொழில்தான் போயிற்று. ஒற்றைக் கையால் குழவியை இழுத்தால் மசாலா திப்பி திப்பியாக நின்றது. சாப்பாட்டுக் கடைக்காரர்கள் ஒரு வாரம் பொறுத்தார்கள், பிறகு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். நாலைந்து வீடுகள் மட்டும் இரக்கப்பட்டு வாங்கின. இரக்கத்துக்கு விற்பதைப்போல நாக்கைப் பிடுங்கிக்கொள்ளச் செய்கிற காரியம் வேறு உண்டா? அவள் வாய்விட்டு அழுததெல்லாம் அந்த நாட்களில்தான், அதுவும் அம்மியைப் பார்த்து.

அடுத்த வருஷம் புரட்டாசியில் ஒலி முகம்மது ஒரு செய்தி கொண்டுவந்தார். வடிவேலு வேதத்தில் சேர்ந்துவிட்டானாம்.

நடந்தது இதுதான். தமிழ்க் கிறிஸ்தவர்களின் மாதா கோயிலுக்கு அவன் மணல் கொண்டுபோயிருக்கிறான். மாடு களைத்து முட்டிபோட்டுவிட்டது. சவுக்கை எடுத்து விளாசியிருக்கிறான். அங்கே இராயப்பன் என்ற உபதேசியார், வேதம் சொல்லிக்கொடுக்கிற மனுஷர், ஓடிவந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "இந்த மாடு உனக்கு என்னப்பா துரோகம் பண்ணுச்சு?" என்று கேட்டாராம். அவ்வளவுதான். பதில் சொல்ல வாயைத் திறந்தவன் மணலில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தானாம். அன்றிலிருந்து சாயங்காலத்தில் கள்ளுக்கடைக்குப் போகிறவன் உபதேசியார் வீட்டுக்குப் போனான். "அடிக்கிறது கையின்னு நெனைக்கிறியா? கைக்கு முன்னாடி நெனப்பு அடிச்சிடுது. நெனப்பை மாத்திக்க, கை தானா மாறும்" என்று அவர் சொல்வாராம். கடைசியில் ஞானஸ்நானம் வாங்கி, சின்னப்பன் என்று பேரும் வைத்துக்கொண்டான்.

"சின்னப்பனா? அப்ப பெரியப்பன் யாரு, கள்ளுக்கடைக்காரனா?" என்றாள் கண்மணி. ருக்கையா சிரித்துவிட்டாள். கண்மணி சிரிக்கவில்லை. "குட்டிச்சுவருக்கு வெள்ளையடிச்சா மாளிகை ஆயிடுமா லாத்தா? நாய் வாலை நிமித்த எந்த சாமியாலயும் ஆகாது" என்றாள்.

அதற்கு நாலாம் நாள் விடிகாலையில் கொல்லையில் அம்மிச் சத்தம் கேட்டது. கண்மணி எழுந்து வந்து பார்த்தால், அவன். குத்துக்காலிட்டு உட்கார்ந்து மிளகாய் அரைத்துக்கொண்டிருந்தான். வண்டிக்காரன் கை, முரட்டுக் கை. மிளகாய் கண்ணில் தெறித்து, தோளால் துடைத்துக்கொண்டே அரைத்தான்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தே?" என்று கத்தினாள்.

"லாத்தா கதவைத் தொறந்தாங்க" என்றான் தலை நிமிராமல். "நீ எங்கூடப் பேச வேணாம் கண்மணி. நான் அரைச்சு வச்சிட்டுப் போயிடறேன்."

அவன் போனதும் அந்த மசாலாவை அப்படியே வழித்துச் சாக்கடையில் போட்டாள். மறுநாளும் வந்தான், மறுநாளும் போட்டாள். மூன்றாம் நாள் ருக்கையா குறுக்கே நின்று, "அவன் மேல கோவம்னா அவனைத் திட்டு. மல்லி உனக்கு என்ன செஞ்சுச்சு?" என்றாள். அன்றைக்கு அது சாக்கடைக்குப் போகவில்லை. பழைய சாப்பாட்டுக் கடைக்குப் போயிற்று.

பதினான்கு மாதம். ஒரு நாள் தப்பாமல், விடியுமுன்னே, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்தான். மற்ற வண்டிக்காரர்கள், "பொம்பளை வேலை பாக்குற பொண்ணு, கொஞ்சம் மஞ்சள் பூசிக்கயேன்" என்று கேலி செய்தார்கள். அவன் பாட்டுக்கு அரைத்தான். மசாலா நாளுக்கு நாள் நயமானது. கண்மணியின் வியாபாரம் நிமிர்ந்தது. ஆனால் அவள் வாய் திறக்கவில்லை. முதல் நாள் கத்தினதோடு சரி, அதற்குப் பிறகு ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவனிடம் பேசவில்லை. அவனும் கேட்கவில்லை.

பேசவே கூடாது என்று அவள் நினைத்திருந்தாளா என்றால், இல்லை. அவள் மனசு அவளுக்குத்தான் தெரியும். பின்கட்டு ஜன்னலோரம் நின்று அவன் முதுகைப் பார்ப்பாள். 'வேஷம்' என்று ஒரு மனசு சொல்லும். 'எந்த வேஷக்காரன் இத்தனை நாள் ஆடுவான்?' என்று இன்னொரு மனசு கேட்கும். பேசிவிடலாம் என்று வாய்வரைக்கும் வரும். அப்போது மணிக்கட்டு வலிக்கும். இன்னும் கொஞ்ச நாள் போகட்டும், தை பிறக்கட்டும், அப்போதும் இப்படியே இருந்தால் பார்க்கலாம் என்று தனக்குத்தானே தவணை சொல்லிக்கொள்வாள். அவள் செய்தது தப்பு என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. அடி வாங்கினவள் அவள். எப்போது நம்புவது என்று முடிவு செய்கிற உரிமையும் அவளுடையதுதான். ஆனால் சாவு யாருடைய உரிமையைக் கேட்டுக்கொண்டு வருகிறது?

தொள்ளாயிரத்து ஒன்பதாம் வருஷம் கார்த்திகை மாதம், ஒரு நாள் அம்மிச் சத்தம் கேட்கவில்லை. மறுநாளும் இல்லை. கண்மணிக்கு உள்ளே ஏதோ பொசுக்கென்று அணைந்தது. அணைந்த வேகத்தில் கோபமும் வந்தது. "பாத்தீங்களா லாத்தா? வேஷம் கலைஞ்சுபோச்சு. இந்நேரம் கள்ளுக்கடை வாசல்ல கெடப்பாரு" என்றாள். ஜெயித்தவள் மாதிரித்தான் சொன்னாள். சொல்லிவிட்டு அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஒலி முகம்மது கடைக்குத் திரும்பியதும் நேரே பின்கட்டுக்கு வந்தார். முகம் சரியில்லை.

"தங்கச்சி, வடிவேலு ஆஸ்பத்திரியில கெடக்கான், பாத்துட்டுத்தான் வர்றேன். வண்டிச் சக்கரம் காலைக் கிழிச்சிருக்கு. புண்ணுல சாணியும் மண்ணும் ஏறி விஷமாயிருச்சு. இசிவு கண்டு தாடை கட்டிக்கிச்சு. டாக்டரு கையை விரிச்சிட்டாரு."

கண்மணி உள்ளே போய்ச் சேலை மாற்றினாள். தலையை வாரி முடிந்தாள். ருக்கையா ரிக்‌ஷா கூப்பிட ஆளைத் தேடினாள். வாசற்படிவரைக்கும் வந்துவிட்ட கண்மணி, நின்று, "நானா, அவரு எனக்கு ஏதாவது சொல்லிவிட்டாரா?" என்று கேட்டாள்.

ஒலி முகம்மது தயங்கினார். ஒருத்தர் சொல்லிவிட்ட வார்த்தை அவருக்கு அமானிதம். ஒப்படைத்த பொருளை எப்படித் தொடாமல் கொடுக்க வேண்டுமோ அப்படித்தான் ஒப்படைத்த வார்த்தையையும் கொடுக்க வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. அப்படி வளர்ந்த மனுஷர்.

"பல்லைத் தொறக்க முடியலம்மா அவனால. ரெண்டொரு வார்த்தைதான் வந்துச்சு. 'கண்மணிகிட்ட சொல்லுங்க. எனக்கு மனஸ்தாபம். மனசு நெறைய மனஸ்தாபம்.' இதான் சொன்னான்."

கண்மணி வாசற்படியிலிருந்து திரும்பினாள்.

"மனஸ்தாபமா? அவருக்கா?"

"அப்படித்தான்மா சொன்னான்."

"அடி வாங்குனது நான். கை ஒடிஞ்சது எனக்கு. மனஸ்தாபம் அவருக்கா?" அவள் குரல் கொல்லைவரைக்கும் கேட்டது. "பதினாலு மாசம் பேசலையாம், அதுக்கு எம்மேல குறை! சாகக் கெடக்கையிலயும் எங்கூடச் சண்டையா? மனசு நெறைய வச்சிருக்காராமே! வச்சுக்கட்டும். நல்லா வச்சுக்கட்டும்."

"புள்ள, சாகப்போறவன் ஏதோ சொன்னான்னு..." என்று ருக்கையா கையைப் பிடித்தாள். கண்மணி உதறிவிட்டாள். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வந்த ரிக்‌ஷா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விட்டது.

மறுநாள் காலையில் அவன் செத்துப்போனான்.

அடக்கம் அன்றைக்கு மாலையே. பிடாடாரியில் புதிதாகத் திறந்திருந்த கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியிருந்தார்கள். ஊருக்காகத்தான் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கண்மணி போனாள். நாலு வண்டிக்காரர்கள், கோயில்காரர்கள் கொஞ்சம் பேர், சற்றுத் தள்ளித் தொப்பியோடு ஒலி முகம்மது. மண் தள்ளி முடிந்து எல்லோரும் கலைந்தபிறகு இராயப்ப உபதேசியார் அவளிடம் வந்தார். தலை நரைத்த, நிதானமான மனுஷர்.

"மனசைத் தேத்திக்கம்மா. உத்தம மனஸ்தாபத்தோட உசிரை விட்டான். எங்க வேதத்துல அதைவிட நல்ல சாவு கெடையாது" என்றார்.

கண்மணிக்கு வந்ததே கோபம்! கல்லறை என்றும் பார்க்கவில்லை. "கட்டுன பொண்டாட்டி மேல மனஸ்தாபத்தோட செத்தா அது நல்ல சாவா? என்னய்யா வேதம் உங்க வேதம்? திருந்திட்டான் திருந்திட்டான்னீங்க. திருந்துன மனுசன் சாகுறப்ப இப்படியா வன்மம் வச்சிட்டுப் போவான்?"

உபதேசியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "உன் மேலயா? உன் மேல மனஸ்தாபம்னு யாரும்மா சொன்னா?"

"அவரே சொல்லிவிட்டாரே! இந்தா நிக்கிறாரு, நானாவைக் கேளுங்க."

ஒலி முகம்மது கிட்டே வந்து, கேட்ட வார்த்தையை மறுபடியும் அப்படியே சொன்னார். கேட்கக் கேட்க உபதேசியார் முகம் மாறிற்று. துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, சேசுவே" என்றார். "அம்மா, ஊர்ல சொல்ற மனஸ்தாபம் இல்லம்மா அது. ரெண்டு பேருக்கு நடுவுல உரசல் வந்தா மனஸ்தாபம்னு நீங்க சொல்வீங்க. எங்க கோயில்ல மனஸ்தாபம்னா வேற. தான் பண்ணின பாவத்தை நெனச்சு மனசு வெந்து தவிக்கிறது, அதுக்குப் பேரு மனஸ்தாபம். தப்புப் பண்ணிட்டேன், என்னை மன்னிச்சுக்கன்னு கேக்குற வார்த்தைம்மா. தெனம் அதைத்தான் சொல்லி அழுவான். வேற வார்த்தை அவனுக்குத் தெரியாது. மன்னிப்புக் கேக்க அவன் கத்துக்கிட்ட எடம் எங்க கோயில்தானே!"

கண்மணி ஈரமண்ணில் உட்கார்ந்துவிட்டாள். ஒலி முகம்மது, "யா அல்லாஹ், சொன்ன சொல்லைத்தானே கொண்டுவந்து குடுத்தேன்" என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். அந்த வயதான மனுஷர் அழுததைக் கண்மணி அன்றைக்குத்தான் பார்த்தாள்.

கண்மணி உபதேசியாரை நிமிர்ந்து பார்த்தாள். "என்னை வரச் சொன்னாரா?"

"இல்லம்மா. வரச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லைன்னு முன்னாடியே சொல்லியிருக்கான். இன்னைக்கு விடிஞ்சுதான் நான் போய்ச் சேந்தேன். பேச்சு நின்னுபோச்சு. அவகிட்ட சொல்லியனுப்பிட்டேன்னு சைகை காட்டினான். முகம் தெளிவா இருந்துச்சு." பொய் சொல்லக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "ஆனா கண்ணு மட்டும் வாசல்லயே இருந்துச்சும்மா" என்றார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? கண்மணி அம்மியைத் தொடவில்லை. நாள் முழுவதும் கொல்லையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். பதினான்கு மாதத்துக் காலைகளை ஒன்றொன்றாக எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். மிளகாய் எரிச்சலில் துடைத்துக்கொண்டான் என்று நினைத்திருந்தாளே, அதில் எத்தனை நாள் மிளகாய், எத்தனை நாள் அழுகை? வேஷம் என்று ஒதுக்கிவைத்த ஒவ்வொரு நாளும் இப்போது நிஜமாகி வந்து அவள் முன்னால் உட்கார்ந்தது.

அதற்காக அவன் செய்த கொடுமையை மறந்துவிட்டாளா? அதுவும் இல்லை. "செத்தவன் நல்லவன்னு சொல்லி மனசை ஆத்திக்க புள்ள" என்று ருக்கையா சொன்னபோது தலையை ஆட்டி மறுத்தாள்.

"அது பொய்யி லாத்தா. என்னை அடிச்சதும் நெசம்தான். எனக்காக அரைச்சதும் நெசம்தான். அடிச்சதை மட்டும் நெசம்னு நான் புடிச்சிக்கிட்டேன். ஒரு மனுசன் ரெண்டாவது தடவை பொறக்க முடியும்னு எம்புத்திக்கு எட்டல. அவரு புத்தி மாறிப்போச்சு. எம்புத்திதான் அங்கயே நின்னுருச்சு."

மறு மாதம் ஒரு மத்தியானத்தில் அவள் தனியாக நடந்து மாதா கோயிலுக்குப் போனாள். உபதேசியார் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வேதத்துல சேரணுமாம்மா?" என்று கேட்டார்.

"அதெல்லாம் எனக்கு இன்னும் தெரியாதுங்க. அவரு எனக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டாரு. நான் பதில் சொல்லல. இப்ப அவருகிட்ட சொல்ல வழியில்ல. உங்க சாமிகிட்டதானே அவரு போயிருக்காரு, சாமிகிட்ட சொன்னா அவருக்குப் போய்ச் சேருமா?"

பதினைந்து வருஷமாக வேதம் சொல்லிக்கொடுத்த மனுஷர் கையிலிருந்த துணியை மடித்து வைத்தார். "சேரும்மா" என்றார். "நம்பிச் சொல்லு, சேரும். மந்திரம் ஏதாவது சொல்லித்தரட்டுமா?"

"வேணாங்க. நான் பேசிக்கிறேன்."

அவர் வெளியே போய்க் கதவோரம் நின்றுகொண்டார். கண்மணிக்கு முட்டிபோடத் தெரியாது. பீடத்துக்கு முன்னால், வீட்டில் உட்காருகிற மாதிரியே சம்மணமிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். கோணல் கையை மடியில் வைத்து, நல்ல கையால் மூடிக்கொண்டாள். எத்தனையோ இருந்தது சொல்வதற்கு. வந்தது ஒன்றுதான்.

"வெறும் வயித்தோடதானே தெனமும் வந்தீங்க" என்றாள். "ஒரு வாய் கஞ்சி குடிச்சிட்டுப் போங்கன்னு நான் ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாம்."